இலேசான சக்கரம்

(இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் பலர் நட்பைப் பற்றியும் நாட்டுப்பற்றைப் பற்றியும் எழுதப் போவதாகச் சொன்னார்கள். நான் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். விடுதி அறையே சிரித்தது. "சக்கரத்தில் எழுத என்ன இருக்கிறது? வட்டமாக இருக்கிறது, உருளுகிறது. கட்டுரை முடிந்தது" என்றான் ஒருவன். வட்டமாக இருக்கும்வரை அவன் சொன்னது சரிதான். என் சக்கரம் ஒருநாள் எட்டு வடிவமாக வளைந்தது. அன்றுதான் அதைப் பற்றி எண்ணத் தொடங்கினேன்.

என் ஊர் வத்தல்மலை. தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஏறுகிறது. அந்தச் சாலை வருமுன் எங்கள் பெரியவர்கள் மிளகையும் காப்பிக் கொட்டையையும் தலைச்சுமையாக இறக்கினார்கள். நான் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அம்மாவும் தங்கையும் மலைமேல் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஏறுவேன். அம்மாவுக்கு மாத்திரையும் வீட்டுக்கு வேண்டிய சாமான்களும் என் முதுகுப் பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்குவேன். மலைக்கு வண்டி வரும் நேரம் என் நேரத்தோடு ஒத்துப்போவதில்லை. ஆகையால் எனக்குச் சைக்கிளே கதி.

மேல்நிலைப் பள்ளியில் அரசு தந்த விலையில்லாச் சைக்கிள் சமவெளியில் உழைத்தது. கியர் இல்லாததால் மலையில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே, படிப்பை முடித்துச் சென்ற அண்ணன் ஒருவரிடம் 3,500 ரூபாய்க்குப் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பார்வைக்குப் படத்தில் காணும் மலைச் சைக்கிள் போலவே இருக்கும். ஆனால் ரிம் இரண்டும் முலாம் பூசிய இரும்பு. அது பளபளவென்று மின்னியது கண்டு நான் பெருமைப்பட்டதும் உண்டு.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிக்கொடுத்த சாமை அரிசி பையில். நாலாவது வளைவுக்கு முன் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கட்டைகள் ரிம்மைக் கவ்வின; வண்டி நிற்கவில்லை. கைவிரல் வலிக்க அழுத்தினேன். வேகம் குறையவே இல்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. மண்மேட்டின்மேல் வண்டியைத் திருப்பினேன். முழங்கால் சிராய்த்தது, சாமை அரிசி சாலையெல்லாம் சிதறியது, முன்சக்கரம் எட்டாக மடங்கிக் கிடந்தது. பள்ளத்தின் பக்கம் திருப்பியிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

செய்தி அறிந்த அம்மா சாமை அரிசியைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த வண்டிய வித்துடு சாமி. மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்" என்றாள். மாதம் ஒருமுறை வந்தால் மாத்திரை எப்படி வந்து சேரும் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோடை விடுமுறையில் பாலக்கோடு பக்கம் தக்காளி பறித்துச் சேர்த்ததில் என்னிடம் 2,400 ரூபாய் இருந்தது. தங்கை தன் உண்டியலை உடைத்து 600 ரூபாய் தந்தாள். அது பொங்கலுக்குத் துணி எடுக்க அவள் சேர்த்த பணம். "உன்னோட வீலுக்கு வெச்சுக்க அண்ணா" என்றாள். ஆக என் கையில் 3,000 ரூபாய். இதில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்று உறுதி கொண்டேன்.

விடுதி நண்பன் ஒருவன் சைக்கிள் பித்தன். "இலேசான சக்கரம் போட்டால் மலையில் பறக்கலாம், சுழலும் எடையில் ஒரு கிலோ குறைந்தால் மற்ற இடத்தில் இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம்" என்றான். அவன் காட்டிய சக்கரங்களில் கம்பிகள் 24 மட்டுமே இருந்தன. விலையோ 14,000 ரூபாய். மலிவாக அதே மாதிரி கிடைக்குமா என்று என் மனம் அலைந்தது. ஐயம் தீர எங்கள் பேராசிரியரிடம் சென்றேன்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "உன் எடை எவ்வளவு?" என்றார். "54 கிலோ சார்." "வண்டி?" பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்திருந்தேன்; பதினேழரை கிலோ. "பை?" நாலரை கிலோ. மொத்தம் 76 கிலோ. "சக்கரம் இரண்டிலும் எவ்வளவு குறைக்க முடியும்?" ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டிருந்தேன்.

"உன் நண்பன் சொன்னதில் பாதி உண்மை" என்றார் அவர். "ரிம்மில் உள்ள எடை முன்னோக்கியும் செல்கிறது, சுற்றவும் செய்கிறது. ஆகையால் வேகத்தைக் கூட்டும்போது அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆனால் நீ மலையில் என்ன செய்கிறாய்? ஒரே வேகத்தில் மெல்ல ஏறுகிறாய். அப்போது புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கும் எடை மட்டுமே கணக்கு. ரிம்மில் இருக்கும் ஒரு கிலோவும் பையில் இருக்கும் ஒரு கிலோவும் அங்கே ஒன்றுதான்."

கணக்கைப் போட்டு முடித்தோம். 76 கிலோவில் ஒன்றேகால் கிலோ என்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. 80 நிமிட ஏற்றத்தில் எனக்கு மிச்சமாவது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. வாரந்தோறும் படிக்காமலே மேலே சுமந்து சென்று கீழே சுமந்து வந்த மின்னியல் நூலையும் ஆய்வக ஏட்டையும் விடுதியில் வைத்துவிட்டால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கும்! நான் தலை குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ விழுந்தது ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி என் கண்ணைத் திறந்தது. எனக்கு வேண்டியது பறக்கும் சக்கரம் அன்று, நிற்கும் சக்கரம்.

முலாம் பூசிய இரும்பு மிகவும் வழவழப்பானது. நனைந்தால் அதன்மேல் ரப்பர் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்மிலும் மழையில் பிடிப்பு குறையும் என்றாலும் இரும்பைப் போல் அடியோடு கைவிடாது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7; இரும்பின் அடர்த்தி ஏறத்தாழ 7.8. அதாவது மூன்றில் ஒரு பங்கு எடை. ஆனால் விறைப்பிலும் அது மூன்றில் ஒரு பங்கே. அதனால்தான் நல்ல அலுமினிய ரிம்மைத் தகடாக வளைக்காமல், உள்ளே குழல் போலக் கூடு விட்டு, இரட்டைச் சுவராகச் செய்கிறார்கள். மலிவு என்று ஒற்றைச் சுவர் ரிம் வாங்கினால் எடையோடு உறுதியும் போய்விடும்.

மலைச் சைக்கிளின் வரலாறும் இதையே சொல்கிறது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் என்னும் மலைப்பகுதியில், இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1976-இல் தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். அதனால் அந்தப் பெயர். பிறகுதான் அலுமினிய ரிம்மும் ரிம்மைப் பிடிக்கும் நல்ல பிரேக்கும் அந்த வண்டிகளுக்கு வந்தன. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டியே சேர்க்கப்பட்டது. உலகெங்கும் போற்றப்படும் அந்த வண்டியும் தொடக்கத்தில் என்னைப் போலவே பிரேக்குக்குத்தான் கவலைப்பட்டிருக்கிறது!

நகரில் நான் வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் கடையின் பாய் முதியவர். என் 3,000 ரூபாயையும் என் கவலையையும் அவர் முன் வைத்தேன். "தம்பி, ரெடிமேட் சக்கரம் வேணாம். சாமான் வாங்கிட்டு வா. நாம கோப்போம்" என்றார். என்ன வாங்குவது என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

ஹப் இரண்டும் பழையதே இருக்கட்டும், கோன் தேயவில்லை, புதிய பால்ரஸும் கிரீஸும் போதும். ஹப்பில் 36 துளை இருப்பதால் ரிம்மிலும் 36 துளை வேண்டும். கம்பியைக் குறைத்து இலேசாக்க வேண்டாம்; மலைச்சாலைக் குழியில் விழும் வண்டிக்கு ஒவ்வொரு கம்பியும் ஒரு துணை. பழைய போக்ஸ் கம்பியை மீண்டும் போட முடியாது. இரட்டைச் சுவர் ரிம்மின் உள்விட்டம் சிறிது. நீளம் குறைந்த கம்பி வேண்டும். சேற்றுக்கான பெரிய பட்டன் டயர் தார்ச்சாலைக்குத் தேவையில்லை. நடுவில் வழவழப்பான, ஒடுக்கமான டயர் போதும்.

ரிம் இரண்டு 1,400 ரூபாய். துருப்பிடிக்காத கம்பியும் நிப்பிளும் 72, ஒன்று 6 ரூபாய் வீதம் 432. டயர் இரண்டு 800. பிரேக் கட்டை 160. பால்ரஸும் கிரீஸும் 90. ஆக 2,882 ரூபாய். கூலியாக, இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடையில் பஞ்சர் ஒட்டித் தரும்படி சொன்னார். பழைய இரும்புக் கடைத் தராசில் மறுபடியும் நிறுத்தேன். ரிம் ஒவ்வொன்றும் 950 கிராமிலிருந்து 560 ஆகியிருந்தது. டயர் 920-லிருந்து 640. மொத்தம் 1,340 கிராம் குறைவு. வண்டியில் மிகக் கனத்த பகுதிகளே மிகக் குறைந்த செலவில் இலேசாயின.

ஆனால் உண்மையான பாடம் அதன்பின் தொடங்கியது. மூன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் கோத்தேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் பாரத்தைத் தாங்கி நிற்பது. சைக்கிள் கம்பியோ மெல்லியது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆகையால் அதை எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டிவைக்கிறோம். நாம் ஏறி உட்கார்ந்ததும் அடியிலுள்ள கம்பிகளின் இழுப்பு சற்றே தளர்கிறது; அந்தத் தளர்ச்சியில்தான் நம் பாரம் நிற்கிறது. முதலிலேயே தொய்வாகக் கட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி முழுதும் தளர்ந்து தளர்ந்து இறுகி, ஹப்பின் அருகே முறியும். விலை உயர்ந்த ரிம்மும் அப்போது காப்பாற்றாது. 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாக இழுத்துக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் உலகம் பெரும்பாலும் அந்த முறையிலேயே கோக்கிறது.

பாய் ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டிக் காட்டினார். இறுகிய கம்பி கணீரென்றது. தொய்ந்தது மழுங்கலாக ஒலித்தது. "கண்ணால கோட்டம் பாரு, காதால இழுப்பப் பாரு" என்றார். நான் அவசரப்பட்டு ஒரு நிப்பிளை முழுச்சுற்று திருகினேன். சக்கரம் பக்கவாட்டில் ஆடியது. "கால் சுத்துதான் தம்பி. அதுக்கு மேல ஆசப்படாத" என்றார். முன்சக்கரம் மட்டும் இரண்டு மாலைகளை விழுங்கியது.

அப்போது முதலாண்டுத் தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. நம் தருமபுரிதான் பண்டைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் ஔவையார், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அவனை ஒப்பிடுகிறார். தேர்வுக்காக அதை உருப்போட்டபோது அந்தச் சக்கரத்துக்கு ஏன் ஒரு மாதம் என்று நான் கேட்டதில்லை. கிரீஸ் படிந்த கையோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது அது விளங்கியது. சாமானின் விலையன்று, அதில் செலவிட்ட பொறுமையே சக்கரத்துக்கு வலிமை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மலை ஏறினேன். 80 நிமிடம் 78 நிமிடம் ஆயிற்று; அதில் பாதி மகிழ்ச்சியால் வந்ததாக இருக்கலாம். மறுநாள் இறங்கும்போது மழை. நாலாவது வளைவு வந்தது. முன்கூட்டியே பிரேக்கை மெல்லத் தொட்டு ரிம்மிலிருந்த நீரை வழித்தேன், பிறகு அழுத்தினேன். வண்டி நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, அந்த மண்மேட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சிதறிய சாமையில் நாலைந்து முளைத்திருந்தன.

தங்கையின் 600 ரூபாயில் மிஞ்சிய 118 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். மீதியைப் பொங்கலுக்குள் தருவதாகச் சொன்னேன். தக்காளித் தோட்டம் கைகொடுத்ததால் தந்தும்விட்டேன். அம்மா இப்போது வண்டியை விற்கச் சொல்வதில்லை. ஆனால் நான் புறப்படும்போதெல்லாம் தானே வந்து பிரேக்கை ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறாள்.

நண்பர்களே, நம்மில் பலருக்குக் கையில் இருக்கும் பணம் சிறிது. ஏறவேண்டிய மலை பெரிது. பாரத்தைக் குறைக்க வேண்டியதுதான். முதலில் பையில் வீணாகச் சுமப்பதைக் குறைப்போம். அதற்குக் காசு வேண்டாம். பிறகு கனத்ததை மாற்றுவோம். நம்மைத் தாங்கும் கம்பிகளில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று அறிவதே சிக்கனம். அதை எனக்குக் கற்பித்தவர்கள் இருவர்: ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டவர்; மற்றவர் கம்பியை மீட்டிக் காட்டியவர். இருவருக்கும் இச்சிறு கட்டுரை என் வணக்கம்.