கொழுந்து வாடிய மாடிகள்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போய், அங்கிருந்து தோட்டப் பாதையில் ஏறினால் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, தெரியும். தகரம் போர்த்திய உயரமான கட்டடம். மாடிக்கு மாடி ஜன்னல்கள், இடைவெளியே இல்லாமல். இன்று அது ஹோட்டல். பல வருடம் பூட்டிக் கிடந்ததை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து, கட்டடக் கலைஞர் நிஹால் போதிநாயக்கவின் வடிவமைப்பில் மாற்றி, 1996இல் திறந்தது.

பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் வாழ்நாளெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கட்டடத்தை வாசிக்கத் தெரிந்த கண் வேண்டுமென்று நினைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது இரும்பு உத்தரங்களையும் சாயம் பூசிய கப்பிகளையும். அவர் பார்த்தது ஜன்னல்களை. "இவ்வளவு ஜன்னல் எதுக்குன்னு நெனைக்கிறீங்க தம்பி? ஆள் பார்க்கவா? காத்துக்கு!" என்றார்.

மேல்மாடிகளில்தான் கொழுந்து வாடும். சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாக இழுத்துக் கட்டி, அதன்மேல் பச்சைக் கொழுந்தை மெல்லிசாகத் தூவுவார்கள். வெயில் காய்ந்த நாளில் ஜன்னல் திறக்கும்; பனிமூட்டம் இறங்கினால் ஜன்னலை அடைத்துவிட்டு, கீழேயிருந்து வெப்பக் காற்றை விசிறிகளால் மேலே இழுப்பார்கள். இரவு முழுக்க இது நடக்கும். பன்னிரண்டு மணித்தியாலமும் ஆகலாம், பதினெட்டும் ஆகலாம். வானத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிற்காலத்தில் அடியிலிருந்து காற்று ஊதும் நீண்ட தொட்டிகள் வந்தபோது இத்தனை மாடிகளுக்குத் தேவையில்லாமல் போயிற்று.

"எப்படி ஐயா தெரியும், வாடிருச்சுன்னு?"

கையை மூடிக் காட்டினார். "இப்படி ஒரு பிடி அள்ளி அமுக்கணும். கையைத் திறந்தா கொழுந்து படக்குன்னு விரியக் கூடாது. மெதுவா அவிழணும். காம்பு ஒடியக் கூடாது. பச்ச வாசம் போயி, பழ வாசம் மாதிரி ஒண்ணு வரும். அது வந்தா ரோலருக்கு எறக்கலாம்."

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை. மீதியெல்லாம் தண்ணீர். அதில் பெரும்பங்கு இந்த மாடிகளில்தான் வெளியேறும். இங்கே பிழைத்தால் கீழே ரோலரும் உலர்த்தும் அடுப்பும் சல்லடையும் எவ்வளவு உழைத்தாலும் சரிக்கட்ட முடியாது. அந்த மாடிகள்தான் இப்போது விருந்தாளிகளின் படுக்கையறைகள். ஜன்னல்களைக் குறைக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே இந்த உருமாற்றத்தை நான் மதிக்கிறேன்.

பழைய எஞ்சினையும் அகற்றவில்லை. அதன் முன்னால் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஸ்டோரில் ரோதை சுற்றும் இடத்தில் ரோதைமுனி இருப்பார் என்பது தோட்டத்து நம்பிக்கை. ஓடும் பட்டையில் கையோ சேலைத் தலைப்போ சிக்காமல் காப்பவர் அவர்தான். அவருக்குப் பூசை போடாமல் வேலை தொடங்குவதில்லை. எஞ்சினுக்கு இத்தனை மரியாதையோடு இடம் கொடுத்தவர்கள், அதைச் சுற்றி இருந்த பக்தியைப் பற்றியும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வளவில் ஒரு ரயில் பெட்டியும் நிற்கிறது. குறுகிய பாதையில் ஓடிய பெட்டி, இப்போது டி.சி.கே. 6685 என்ற பெயரில் உணவகம். வெள்ளை விரிப்பு, வரிசையாகக் கரண்டிகள். நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று பெரியவரின் தகப்பனார் சொல்வாராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட அந்தப் பாதை 1948இல் மூடப்பட்டது. அதே வருடத்தில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது.

பெட்டிக்குள் ஏறுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை மலையக ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குக் கொண்டுபோனது ரயில், தோட்டத்து வழக்கில் கோச்சி. ஏறியவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். 'ஒப்பாரிக் கோச்சி' என்றே எழுத்தாளர் மு. சிவலிங்கம் தன் கதைக்குப் பெயர் வைத்தார். பெரியவரின் அக்கா குடும்பம் அப்படிப் போனதுதான். கோச்சிப் பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

தோட்டக் கட்டடங்கள் ஹோட்டலாவது இங்கே மட்டுமல்ல. ஹட்டன் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்களை 2005 முதல் டில்மா குடும்பத்தார் 'டீ டிரெயில்ஸ்' என்று ஹோட்டலாக நடத்துகிறார்கள். அவையும் அழகாகப் பேணப்படுகின்றன. ஆனால் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை இப்படி யாரும் ஹோட்டலாக்க வேண்டாம். அங்கே இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களுக்கு வேண்டியது சொந்தக் காணியும் தனி வீடும். பார்க்க ஒரு லயம் வேண்டுமென்பவர்கள் கம்பளைப் பக்கம் போகலாம். அங்கே ஒரு பழைய லயத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஹோட்டல் வளவில் சின்னதாக ஒரு தேயிலை ஸ்டோரும் ஓடுகிறது. விருந்தாளிகள் கூடை கட்டிக் கொழுந்து பறித்து, அது தேயிலையாவதைப் பார்க்கலாம். சுற்றிக் காட்டிய பையன் தோட்டத்துப் பிள்ளை, நன்றாகவே விளக்கினான். பெரியவர் வாடிக்கிடந்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளி அமுக்கினார். "இன்னும் ரெண்டு மணித்தியாலம் கெடக்கணும் தம்பி." பையன் நேரத்தைப் பார்த்தான், பிறகு கொழுந்தை முகர்ந்தான். விருந்தாளிகளை விட்டுவிட்டு அவரிடம் கேட்கத் தொடங்கினான்: தட்டில் எவ்வளவு கனத்துக்குத் தூவுவீங்க? மழைக் கொழுந்து வந்தா என்ன செய்வீங்க?

சாக்குத் தட்டில் கொழுந்து வாட்டியவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயது ஏறிவிட்டது. மாதத்துக்குச் சில நாளாவது அவர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்து, மேல்மாடியில் நின்று பேசச் சொல்ல வேண்டும் என்று வரவேற்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தமிழில் பேசட்டும், பையன் மொழிபெயர்ப்பான்.