தொட்டியின் அடியில் கிடக்கும் கல்

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தால், காண்போர் கண்கள் முதலில் மீன்களையே நாடும். அடியில் கிடக்கும் கற்களை வெறும் அலங்காரமென்றே நாம் எண்ணிவிடுகிறோம். மீனுக்கோ அக்கல் அலங்காரமன்று. அதுவே அதன் நிலம். அந்நிலத்திலிருந்து எது கரைகின்றதோ, அது மீன் மூச்சுவிடும் நீரில் கலந்துவிடுகின்றது.

மீன் வளர்ப்பு நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடும் வழக்கத்தைப் பல ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம். ஒளூச் செய்ய அமரும் சிறுவர்களின் விரலருகே குஞ்சுகள் வந்து வந்து போகும். "பழைய ஹவுள்களெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசியவைதாமே? அவற்றில் மீன்கள் வாழவில்லையா? வீட்டுத் தொட்டியில் மட்டும் சுண்ணாம்புக்கல் ஆகாதென்பது ஏன்?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஹவுள் பல்லாயிரம் லிட்டர் கொள்ளும். புதுநீர் அடிக்கடி வந்து சேரும். அங்கே விடப்படுபவையும் பெரும்பாலும் எதையும் தாங்கும் மீன்களே. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உள்ள நம் வீட்டுத் தொட்டியோ, விளிம்புவரை நிரப்பினாலும் 54 லிட்டர்தான். அத்துணைச் சிறு நீரில் சிறு மாற்றமும் பெரிதாகிவிடும்.

சுண்ணாம்புக்கல், சலவைக்கல், பவளத்துண்டு, கிளிஞ்சல் ஆகிய இவை நான்கும் பார்வைக்கு வெவ்வேறு, பொருளால் ஒன்றே. யாவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மீன்கள் வெளிவிடும் கரியமில வாயு நீரில் சேர்ந்து மென்மையான அமிலமாகி, இக்கற்களைச் சிறுகச் சிறுகக் கரைக்கும். நீர் கடினமாகும், காரத்தன்மை ஏறும். தீங்கு அதனோடு நிற்பதில்லை. மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு காரத்தன்மைக்கேற்பக் கூடும். 25 டிகிரி வெப்பமுள்ள நீரில் பி.எச். அளவு 7 எனில், அப்பங்கு ஏறத்தாழ இருநூற்றில் ஒன்று. அளவு 8 ஆனால் இருபதில் ஒன்று. கல் கொல்லவில்லை, கல் மாற்றிய நீரே கொல்லுகிறது. அதனாற்றான் காரணம் புலப்படாமலே மீன்கள் ஒவ்வொன்றாய் மிதக்கின்றன.

எல்லா மீனுக்கும் இது பகையென்று சொல்வதற்கில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரி மீன்களுக்குக் காரநீரே தாய்வீடு. மோலியும் கப்பியும் ஓரளவு கடினநீரை விரும்பும். மென்னீரில் பிறந்த டெட்ரா போன்ற சிறு மீன்களுக்கே இது பெருந்துன்பம்.

எங்கள் வீட்டில் இவ்வழக்கு ஒரு நாள் எழுந்தது. தரை வேலை முடிந்து மிஞ்சிய வெள்ளைச் சலவைக்கல் துண்டுகளை நன்னி பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். "தொட்டிக்குள் போடுங்கள், பால்போல இருக்கும்" என்பது அவர்கள் ஆசை. பெரியவர் சொல்லை வாயால் மறுப்பது எங்களுக்கு வழக்கமில்லை. ஆகவே ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தோம். நுண்ணிய நுரை பொங்கிற்று. நன்னி சற்று நேரம் அதையே பார்த்திருந்து, "புளிப்புக்கே கரையுதா! அப்போ அந்த வாயில்லாச் சீவனுக்கு இது வேண்டாம்" என்றார்கள். துண்டுகள் ரோஜாத் தொட்டியைச் சுற்றி அழகாய் அமர்ந்தன.

இச்சோதனையை எவரும் செய்யலாம். எலுமிச்சையினும் வினிகர் ஏற்றது. சில கற்கள் தாமதமாகவே நுரைக்குமாதலால், சிறிது பொடித்து அதன்மேல் விட்டுப் பார்ப்பது நன்று. ஆயினும் நுரை வராத கல்லெல்லாம் நல்ல கல்லாகிவிடாது. உலோக மினுமினுப்போ துருக்கறையோ காணும் கல்லில் உலோகத் தாது இருக்கலாம், அதனையும் விலக்குக.

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் நமக்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாறு மலையிலிருந்து உருட்டிக் கொணர்ந்த கூழாங்கற்கள் பெரும்பாலும் கருங்கல் இனத்தவை. மேற்கு மலைகளில் மிகுந்து காணும் ஒரு வகைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் அறிஞர், 1893இல் அவர் பெயரையே அதற்கு இட்டார். இத்தகைய கற்கள் நீரில் எளிதிற் கரையா. வெள்ளை நிறமே வேண்டுமென்பார்க்கு வெங்கச்சங்கல் இருக்கிறது. நன்னியின் ஆசையை எங்கள் தொட்டியில் நிறைவேற்றியதும் அக்கல்லே.

ஆனால் கல்லின் இனத்தைப் போலவே அது கிடந்த இடமும் முக்கியம். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பதுண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அக்கலவையிலுள்ள செம்பு மீனுக்கு நஞ்சு. நத்தைக்கும் இறாலுக்கும் இன்னும் கொடிது. எனவே தோட்டத்து ஓரங்களிலும், தோட்டநீர் வடியும் வாய்க்கால்களிலும் கிடக்கும் கற்களைத் தொடவேண்டாம். கடலோரப் பயணங்களில் பவளத்துண்டு பொறுக்குவதும் கூடாது. பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது.

கடையில் விற்கும் வண்ணக் கற்களை வெள்ளைத் துணியில் தேய்த்து, பின் ஒரு வாளி நீரில் சில நாட்கள் ஊறவைத்துப் பாருங்கள். சாயம் விட்டாலோ பூச்சு உரிந்தாலோ வேண்டாம். கூரிய விளிம்புடைய கண்ணாடிச் சில்லுகளும் ஆகா. நம் பக்கத்து அயிரையைப் போல் அடிமணலில் புதைந்து, மீசையால் இரை தேடும் மீன்களுக்கு மணலே தகும்.

மேற்சொன்ன தொட்டிக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பரப்ப, ஏறத்தாழ 14 கிலோ கல் போதும். சவக்காரம் சேர்க்காமல், நீர் தெளியும்வரை அலசுங்கள். கல்லை நெருப்பிலிட்டுக் காய்ச்ச வேண்டாம். உள்ளே நீர் தங்கியிருந்தால் வெடிக்கும். தொட்டி நிலைபெற்ற பின்னர், எல்லாக் கற்களையும் ஒருசேர எடுத்துக் குழாய்நீரில் கழுவிவிடுவதும் தவறு. அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் அக்கற்களின் மேல்தான் குடியிருக்கின்றன. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும்.

தொட்டி நமக்கு ஒரு நாளின் சில நிமிடக் காட்சி. உள்ளே இருப்பவற்றுக்கு அதுவே ஆயுள் முழுவதற்குமான ஊர். அவ்வூருக்கு மண் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது. பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாய்ச் சோதித்துப் போடுங்கள். ஒரு மூடி வினிகரும் ஒரு மாலைப் பொழுதும் அதற்குப் போதும்.