ஈயம் பிடிக்காத கம்பி

ரேடியோ கிட் வாங்கி வீட்டிலேயே பொருத்துகிறவர்கள் பயப்படுவதெல்லாம் ஐ.சி.யைப் பார்த்துத்தான். தலைகீழாகச் செருகிவிடுவோமோ, சூட்டில் பொசுக்கிவிடுவோமோ என்று கை நடுங்கும். எல்லாம் முடிந்து பேட்டரி கொடுத்த பிறகும் ஸ்பீக்கரில் மூச்சுப் பேச்சில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐ.சி.யை அல்ல, காயிலின் முனைகளை.

காயில் கம்பி பார்க்க வெறும் செம்பு மாதிரியே இருக்கும். வம்பே அங்கேதான். 28 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பியின் செம்பு 0.38 மி.மீ. தடிமன், அதன் மேல் கண்ணுக்குப் பிடிபடாத எனாமல் பூச்சு. சுற்றுகள் நெருங்கிக் கிடந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மின்சாரம் தாவாமல் தடுப்பது இந்தப் பூச்சுதான். அதை எடுக்காமல் போர்டுத் துளையில் செருகிச் சால்டர் செய்தால், ஈயம் கம்பியைச் சுற்றி வளையல் போல நிற்கும். பளபளப்பில் குறையிருக்காது, செம்பைத்தான் தொட்டிருக்காது. எங்கோ ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுவிட்டால் இன்னும் தொல்லை: செட் பாடும், மேசையைத் தட்டினால் நின்றுவிடும்.

பலரும் முதலில் தேடுவது பிளேடைத்தான். சுரண்டலாம். ஆனால் பிளேடு செம்பில் கீறல் போட்டால், வளைக்கும்போது கம்பி சரியாக அந்த இடத்தில் முறியும். நைஸ் உப்புத்தாளை மடித்து, நடுவில் முனையை வைத்து, உருட்டி உருட்டி இழுப்பது மேல். லைட்டரில் காட்டுகிறவர்களும் உண்டு. எனாமல் போகும், கூடவே செம்பு கறுத்துப்போகும், அந்தக் கறுப்பையும் தேய்த்தாக வேண்டும்.

கிட்டில் வருவது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சுக் கம்பி. இதற்குச் சூடே போதும். ஆனால் அந்தச் சூடு 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயத்துக்கு வேண்டிய சூடு அல்ல, 390 டிகிரியை ஒட்டியது. அயர்ன் நுனியில் தாராளமாக ஈயக் குமிழ் ஒன்றை ஏற்றி, கம்பியின் வெட்டிய முனையை அதில் நுழைக்க வேண்டும். அங்கே செம்பு ஏற்கெனவே வெளியே தெரிவதால் ஈயம் உடனே கவ்வும். சில விநாடிகளில் புகை கிளம்பும், பூச்சு பழுப்பாகச் சுருண்டு விலகும், பின்னால் வெள்ளி நிறம் ஏறும். குமிழைக் காயில் சுற்றியிருக்கும் கோர் பக்கமாக மெல்ல நகர்த்தினால் வேலை முடிந்தது. அந்தப் புகையை மட்டும் மூக்கருகே விடக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது.

ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸ்சீவர் ஹாம் ரேடியோக்காரர்களிடையே பரவியதற்கு, கைக்குக் கிடைத்ததை வைத்தே செய்யலாம் என்பதும் ஒரு காரணம். காயில் சுற்ற, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்கூடப் போதும். கோருக்குத்தான் அப்படி மாற்று உண்டு. முனையைச் சுத்தம் செய்யாமல் தப்பிக்க வழி அதிலும் கிடையாது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பியின் நுனியில் வைத்தால் ஏமாற்றும். போர்டில் காயில் போய்ச் சேரும் இரண்டு பேடுகளில் வைக்க வேண்டும். அரை மீட்டர் கம்பியின் மின்தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது, ஆகவே ஊசிகள் இரண்டையும் முட்டவைத்தால் வரும் அளவுதான் இங்கும் வர வேண்டும்.

மோட்டார் வைண்டிங் கடையில் மிஞ்சிய துண்டை வாங்கிவந்து சுற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மோட்டார் கம்பிகள் பல 200 டிகிரி வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓடத் தயாரானவை. அவற்றின் பூச்சு ஈயக் குமிழுக்கு மசியாது, அங்கே உப்புத்தாள்தான்.