கொன்றவனுக்காக ஒரு தாய் போட்ட மனு

வடுகபட்டி பூண்டு மண்டியில் தாள் அறுக்கும் வேலை அந்த அம்மாவுக்கு. மகனைக் குத்திக் கொன்றவன் மதுரை மத்தியச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்தான். “அவனை விடச் சொல்லி எழுதிக் குடுங்கய்யா. அவன் பிள்ளைக நிக்கிற நிலையப் பாக்க முடியல” என்றார்.

கொலை வழக்கில் ராஜிக்கு இடமில்லை. 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு அடிதடி, அவதூறு போன்றவற்றோடு நின்றுவிட்டது. கொலைக்கான அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 302இல் வழக்காடியது அரசு. பெற்ற தாய் வெறும் சாட்சி. எனக்கு அப்போது சிஸ்டர் ராணி மரியா வழக்குதான் நினைவுக்கு வந்தது. அதை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

ராணி மரியா எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் 1954இல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியாஸ்திரி. மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டார். அது பணக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25இல், இந்தூர் போகிற பேருந்தில், பயணிகள் பார்க்கப் பார்க்க, அவர்கள் ஏவிய சமுந்தர் சிங் அவரைக் குத்திக் கொன்றார். ராணி மரியாவுக்கு அப்போது வயது 41. உடம்பில் 54 காயங்கள்.

சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கத் துறவி சிறைக்குப் போய்ப் பேசிப் பேசி அவர் மனத்தைக் கரைத்தார். 2002 ராக்கி நாளில் ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரிதான், செல்மி பால், அக்காவைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டினார். குடும்பத்தாரும் விடுதலைக்கு மனுப் போட, 2006இல் சமுந்தர் சிங் வெளியே வந்தார்.

திருச்சபையும் தனியாக விசாரித்தது. மறைசாட்சி என்று ஏற்க, விசுவாசத்தின் மீதான பகையால் கொல்லப்பட்டார் என்று நிறுவ வேண்டும். வட்டித் தகராறுதானே என்று ஒரு வக்கீல் எளிதாக வாதாடிவிடலாம். ஏழைக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்ததே அவருடைய விசுவாசம் என்பது என் கட்சி. 2017 நவம்பர் 4இல் இந்தூரில் அருளாளராக அறிவித்தார்கள். புனிதராக்க இனி ஒரு புதுமை நிரூபணமாக வேண்டும்.

அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். “அப்ப வழி இருக்கு” என்றார்.

இருந்தது. கொலைக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுக்கு முன் விடக்கூடாது என்றது அதே நடைமுறைச் சட்டத்தின் 433ஏ. ஆனால் அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவு ஆளுநருக்குத் தந்த அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது என்று 1980இலேயே மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதியின் மனுவோடு தாயின் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்தேன். பூண்டுத் தோல் ஒட்டியிருந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு ரேகை வைத்தார். நெடுநாள் கிடப்பில் கிடந்து, பிறகு விடுதலை உத்தரவு வந்தது.

இப்போதெல்லாம் ஆயுள் கைதிக்கு மனு எழுதுமுன் இறந்தவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வருகிறேன். பல வீடுகளில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த மனுக்களையும் எழுதத்தான் செய்கிறேன்.