பழைய காரும் ஒரு கணக்கு நோட்டும்

2025 ஜூன் மாதம். காலை ஒன்பதேகால் மணி. தில்லி நிஜாமுதீன் பாலத்தின் மேல் கார் நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்ப, பின்னால் நின்றவர்கள் ஊர் வழக்கப்படி ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். மயூர் விஹாரிலிருந்து லோதி ரோட்டுக்கு 13 ஆண்டுகளாகப் போய்வந்த சிறிய பெட்ரோல் கார் அது. அதற்கு முன் ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. பள்ளி ஆசிரியையான மனைவி இறங்கி ஆட்டோ பிடித்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கும் கணவர் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு மெக்கானிக்குக்கு போன் செய்தார்.

மாலையில் பட்டியல் வந்தது. "எஞ்சின் நன்றாக இருக்கிறது, சாப். மற்றதெல்லாம் களைத்துவிட்டது" என்றார் மெக்கானிக். ரேடியேட்டர், கிளட்ச், முன்பக்க ஷாக் அப்சார்பர்கள், பிரேக், நான்கு டயர்கள். உதிரிபாகங்களைக் காஷ்மீரி கேட் கடைகளில் வாங்கினாலும் கூலியோடு 56,000 ரூபாய். காரை இருந்தபடியே எடுத்துக்கொள்ள பழைய கார் வியாபாரி ஒருவர் சொன்ன விலை 75,000.

காரின் விலையில் முக்கால் பங்கை அதன் ரிப்பேருக்கே கொடுப்பதா? அலுவலகத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தள்ளிவிடுங்கள்."

இந்தக் கேள்வியில் தில்லிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு முள் உண்டு. டீசல் வண்டிக்கு 10 வயது, பெட்ரோல் வண்டிக்கு 15 வயது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த வரம்பை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வண்டி எப்படி இருக்கிறது என்பதல்ல, எப்போது பதிவானது என்பதுதான் கணக்கு. இந்தக் கார் பதிவானது 2012 பிப்ரவரியில். ஆக, 56,000 ரூபாய் செலவழித்து வாங்குவது மொத்தம் 20 மாத ஆயுள்.

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வாரம் இருவரும் மெட்ரோவில் போனார்கள். பிங்க் லைனில் லாஜ்பத் நகர். அங்கே மாறினால் இரண்டாவது ஸ்டேஷன் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். கணவருக்குப் பிடித்துப்போனது. பேப்பர் படிக்க முடிந்தது, செலவும் குறைவு. ஆனால் மனைவிக்கு முழங்கால் வலி. இறங்கியபின் நடை, படிக்கட்டு, தோளில் திருத்த வேண்டிய நோட்டுகள். நான்காம் நாள் இன்னொன்றும் தெரிந்தது. ஆண்கள் நிற்கும் பெட்டியில் அவர், மகளிர் பெட்டியில் இவர். மகளின் படிப்பு, ஊரில் அம்மாவின் மருந்து, யார் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்று 13 ஆண்டுகளாக அந்த வீட்டின் முடிவுகள் எல்லாம் காலை நாற்பது நிமிடக் கார் பயணத்தில்தான் எடுக்கப்பட்டிருந்தன. அந்த வாரம் எதுவும் முடிவாகவில்லை.

கணக்குக்காரர் அவர். காரின் ஒவ்வொரு செலவையும் வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் ரிப்பேருக்குப் போனது 68,000 ரூபாய். பார்த்ததும் திக்கென்றது. பிறகு எதிர்ப்பக்கத்தில் புதுக் காரின் கணக்கை எழுதினார். எல்லாம் சேர்த்து ஏழு லட்சம். கையிருப்பும் பழைய காரை விற்ற பணமுமாக ஒன்றரை லட்சம் கட்டினால் மீதி ஐந்தரை லட்சத்துக்குக் கடன். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 11,400. இரண்டு ஆண்டு ரிப்பேர் செலவு என்பது ஆறு மாதத் தவணை. ஆகஸ்டில் மகளின் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வேறு காத்திருந்தது.

ஆனால் தவணையையும் ரிப்பேரையும் மட்டும் ஒப்பிட்டால் தப்பு என்று அவருக்குத் தெரியும். இன்று விற்றால் கிடைக்கும் 75,000, இருபது மாதம் கழித்துக் கிடைக்காது. அப்போது 25,000 கிடைத்தால் அதிகம். அந்த 50,000-மும் செலவுதான். ரிப்பேருடன் சேர்த்து 1,06,000. இருபதால் வகுத்தால் மாதம் 5,300. புதுக் காரோ ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே விலை இறங்கும். இருபது மாதத்தில் இரண்டு லட்சமாவது குறையும், வட்டி தனி. பழைய காரே பாதிச் செலவு. இதுவரை அதற்கு எவ்வளவு போட்டோம் என்பதோ, காரின் விலையில் எத்தனை பங்கு என்பதோ இதில் வரவே இல்லை. இனிமேல் மாதத்துக்கு என்ன ஆகும் என்பது ஒன்றுதான் கேள்வி. நோட்டை மனைவி பக்கம் திருப்பினார்.

அவர் கணக்கைச் சரி பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிதாங்க. ஏர்பேக் எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

எழுதவில்லை. 2012-ல் வாங்கிய அந்த மாடலில் ஏர்பேக்கும் இல்லை, ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. இன்று விற்கும் புதுக் கார்களில் இரண்டும் கட்டாயம். உயிருக்கு என்ன விலை என்று எந்தக் கணக்கு நோட்டிலும் பத்தி கிடையாது. அவரிடம் பதில் இல்லை.

திங்கட்கிழமை மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மனைவியே முடிவைச் சொன்னார். காலை நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டி அது. அதற்கு இது போதும். பிரேக்கும் டயரும் முதல் வேலை, அதில் சிக்கனம் கூடாது. ஆக்ரா, ஜெய்ப்பூர் எல்லாம் இனி ரயிலில். நெடுஞ்சாலைக்கு இந்தக் கார் போகாது, மகள் கேட்டாலும் கொடுப்பதில்லை. கடைசி நிபந்தனைதான் முக்கியமானது: "தவணை கட்டலைங்கறதுக்காக அந்தப் பணம் நமக்கு மிச்சம்னு நினைச்சுடாதீங்க. ஜூலையிலேர்ந்து மாசம் எட்டாயிரம் ஆர்.டி.யில போடுங்க."

ரிப்பேர் நடந்தது. ஜூலை 1-ம் தேதி, வயது கடந்த வண்டிகளுக்குத் தில்லியில் பெட்ரோல், டீசல் கிடையாது என்ற உத்தரவு அமலுக்கு வந்தது. பங்க்குகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள். 13 வயதுக் காருக்கு அது பொருந்தாது. ஆனாலும் போன் செய்து பார்த்தபோது 75,000 சொன்ன வியாபாரி இப்போது 40,000 என்றார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கூடவே இருந்த செஸ் வரியும் போனது. "ஜூன்ல வாங்கியிருந்தா அவ்வளவும் நஷ்டம்!" என்று பாராட்டினார்கள், தள்ளிவிடச் சொன்ன அதே நண்பர்கள்.

இதில் தன் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வரி குறையும் என்று ஜூனில் யாருக்குத் தெரியும்? அக்டோபரில் ஆல்டர்னேட்டர் போய் 8,500 ரூபாய் வைத்தபோது அதே நண்பர்கள் "அப்பவே சொன்னோமே" என்றார்கள். அந்த மாதம் ஆர்.டி. கட்டவில்லை. நோட்டில் அதையும் எழுதினார்.

டிசம்பர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தியது. பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கலாம். ஸ்டேஜ் 4-ம் அதற்குப் பிந்தையவையும் வயதை மட்டும் வைத்துத் தடுக்கப்படா. தில்லியில் ஸ்டேஜ் 4 வந்தது 2010 ஏப்ரலில். ஆர்.சி.யைத் திறந்து பார்த்தார். ஸ்டேஜ் 4. பதிவின் 15 ஆண்டு முடிவது அதே 2027 பிப்ரவரிதான். ஆனால் அது இனி தூக்கு நாள் இல்லை.

மறுநாள் காலை நிஜாமுதீன் பாலத்தில் பனிமூட்டம். வண்டிகள் நகரவில்லை. ரேடியேட்டர் முள் நடுவில் நின்றிருந்தது. அவர் தீர்ப்பை விவரித்துவிட்டு, "அப்படீன்னா இந்த ஆர்.டி.யைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமோ?" என்றார்.

மனைவி திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கோர்ட் காருக்குத்தான் ஆயுள் கொடுத்திருக்கு. ஏர்பேக் கொடுக்கலை. கட்டுங்க."