கார்னிவலும் மயானக் கொள்ளையும்

கார்னிவல் என்றதும் பலருக்கும் பிரேசிலின் ரியோ நகரமும் இறகு வைத்த உடைகளும்தான் நினைவுக்கு வரும். வேலூர், ஆம்பூர் பக்கம் கேட்டால் பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம் என்பார்கள்! ஆனால் கார்னிவல் நடக்கும் அதே பருவத்தில் பாலாற்று மணலிலும் ஒரு வேடத் திருவிழா நடக்கிறது. அதுதான் மயானக் கொள்ளை.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கார்னிவல்' என்ற சொல், இறைச்சியை நீக்குதல் என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பர். கிறிஸ்தவர்களின் 40 நாள் தவக்காலத்தில் அந்நாளில் இறைச்சி, முட்டை, வெண்ணெய் எதுவும் கூடாது. அதனால் வீட்டில் மிஞ்சியதை எல்லாம் தின்று தீர்த்து, ஆடிப் பாடிவிட்டு நோன்புக்குள் நுழைந்தார்கள். போர்ச்சுக்கீசியர் இந்த வழக்கத்தைக் கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். 1961ல் கோவா விடுதலை பெற்ற பிறகு, 1965ல் பணஜியில் ஊர்வலம் புதிதாகத் தொடங்கியது. மோமோ என்ற வேட ராஜா நான்கு நாள் 'ஆட்சி' செய்வார். போர்ச்சுக்கீசியர் காலத்தில் எஜமானர்கள் அடிமைகளைப் போலவும், அடிமைகள் எஜமானர்களைப் போலவும் வேடம் போட்டதாகச் சொல்வார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கொய்தபோது, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. போடும் உணவை எல்லாம் அதுவே தின்றுவிட்டது. மேல்மலையனூரில் அன்னை அங்காளபரமேசுவரியாக வந்து மயானத்தில் உணவைச் சூறை விட்டாள். அதைத் தின்னக் கீழே இறங்கிய கபாலத்தை மிதித்து அழித்தாள். கதை இதுதான். மகா சிவராத்திரியை அடுத்து, மாசி அமாவாசையில் விழா.

வேலூரில் சலவன்பேட்டை, தோட்டப்பாளையம், விருதம்பட்டு, கழிஞ்சூர் எனப் பல பகுதிகளிலிருந்து அம்மன் ஊர்வலம் பாலாற்றங்கரை மயானத்துக்குப் போகிறது. முகத்தில் வர்ணம், வெளியே நீட்டிய நாக்கு, கையில் சூலம், கழுத்தில் எலுமிச்சை மாலை என வழியெல்லாம் காளிகள்தான். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், திருநங்கைகள் எல்லோரும் வேடம் கட்டுகிறார்கள். மயானத்தில் கொழுக்கட்டை, சுண்டல், தானியம், காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் வாரி இறைக்கப்படும். கூட்டம் முண்டியடித்துப் பொறுக்கும். அதை வயலில் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை.

இரண்டும் ஒரே பருவத்தில் வருவது எப்படி? காரணம் நிலா. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் திருநீற்றுப் புதன் வரும். அதற்கு முந்தைய செவ்வாயில் கார்னிவல் முடியும். கணக்குப்படி அந்தச் செவ்வாய் ஓர் அமாவாசையை ஒட்டியே விழுகிறது. பல ஆண்டுகளில் அது மாசி அமாவாசைதான். 2026ல் இரண்டும் ஒரே நாள், பிப்ரவரி 17. ரம்ஜான் நோன்பின் தொடக்கமும் அதே வாரம்! 2024ல் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளி.

இன்னொரு ஒற்றுமை சாம்பல். கார்னிவல் முடிந்த மறுநாள் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசுகிறார்கள். முந்தைய ஆண்டுக் குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல் அது. மயானக் கொள்ளை நடப்பதோ சுடுகாட்டுச் சாம்பலின் நடுவில். உடம்பு ஒருநாள் மண்ணாகும் என்பதை இரண்டுமே ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்கின்றன.

"இதெல்லாம் நாகரிகமா? குடியும் கூச்சலும்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கோவா கார்னிவல் வணிகமாகிவிட்டது என்று அங்குள்ள திருச்சபையே விமர்சித்திருக்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் வருடம் முழுக்கத் தோல் ஷெட்டிலும் ஷூ கம்பெனியிலும் நின்றபடி மேஸ்திரியிடம் திட்டு வாங்குபவர், அன்று ஒருநாள் வேடம் கட்டி நடந்தால், அதே மேஸ்திரி எதிரில் வந்து கையெடுத்துக் கும்பிடுவார். அதை எந்தச் சட்டமும் சம்பளமும் தருவதில்லை.

கவலைப்பட வேண்டியது அந்த ஆற்றைப் பற்றித்தான். தோல் கழிவால் பாலாறு கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பு சொன்னது. மீண்டும் 2025 ஜனவரியில் இழப்பீட்டையும் தூய்மைப் பணியையும் வலியுறுத்தியது. விளைச்சல் பெருக வேண்டித் தானியம் இறைக்கும் மண் அது. அங்கே பயிர் விளைய அம்மன் மட்டும் போதாது, நாமும் மனசு வைக்க வேண்டும்.