கார்டுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

என் நாத்தனார் மகள் கல்யாண வீடியோவை நானே வெட்டி ஒட்டி, ஒரு மணி நேரப் படமாக்கிக் கொடுத்தேன். பார்த்த எதிர்வீட்டு மாமி, "எங்க அறுபதாம் கல்யாணத்துக்கும் நீயே பண்ணிக் கொடு. சும்மா வேண்டாம், காசு வாங்கிக்கோ" என்றார். 52 வயதில் முதல் சம்பாத்தியம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தது சோதனை. மாமி வீட்டில் 4கே கேமராவில் எடுத்திருந்தார்கள். சாதாரண ஃபுல் எச்.டி. படத்தைவிட 4கே-யில் புள்ளிகள் நான்கு மடங்கு. நான் பயன்படுத்துவது டாவின்சி ரிஸால்வின் இலவசப் பதிப்பு. அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் வேலை செய்யும். என் பழைய கார்டிலோ 2 ஜி.பி. மெமரிதான். நிறத்தைக் கொஞ்சம் திருத்தினாலும் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும்.

சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. கடைக்குப் போனேன். "இதை வாங்கிக்குங்க அக்கா, எந்த ஸாஃப்ட்வேரும் ஓடும்" என்று ஆர்.டி.எக்ஸ் 3060, 12 ஜி.பி. கார்டைக் கொடுத்தார்கள். ஸாஃப்ட்வேர் கம்பெனி கேட்கும் அளவுக்கு மேலேயே இருந்தது. ஆசையாகப் பிரித்து மாட்டப் பார்த்தால், அதற்குத் தனியாகக் கரண்ட் வயர் வேண்டுமாம். என் பெட்டியில் அந்த வயரே இல்லை! கடையிலோ, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வெளியூரிலிருக்கும் பையன் போனில் சொன்னான்: "ஸாஃப்ட்வேருக்கும் கார்டுக்கும் பொருத்தம் பார்த்தே. கார்டுக்கும் பெட்டிக்கும் பார்த்தியாம்மா?"

உண்மைதானே! ரவிக்கைத் துணிக்கே அளவு பார்க்கும் நான், இதற்குப் பார்க்கவில்லையே. கம்ப்யூட்டரின் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். இந்தக் கார்டுக்கு 170 வாட் வேண்டும். பவர் சப்ளை 550 வாட் இருக்க வேண்டும். என்னுடையது 350.

இதே கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ் 3050-இல், 2024-இல் வந்த 6 ஜி.பி. வகைக்கு 70 வாட்டே போதும். முன்பே தெரிந்திருந்தால் குறைந்த செலவில் முடித்திருப்பேன்.

சகோதரிகளே, நீங்களும் வாங்குவதானால் நாலு விஷயம் பாருங்கள். ஸாஃப்ட்வேர் எந்தக் கார்டை, எவ்வளவு மெமரியுடன் கேட்கிறது? பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வாட்? கார்டுக்கு வேண்டிய வயர் அதில் இருக்கிறதா? பெட்டிக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் உண்டா? கடைசிக் கேள்விக்குத் தையல் டேப்பே போதும்!

புது பவர் சப்ளை வாங்கி மாட்டினேன். படம் தடங்கலின்றி ஓடியது. மாமி கொடுத்த கூலி சரியாக அந்தச் செலவுக்கே போயிற்று. போனால் போகட்டும். மாலை மாற்றும் இடத்தில் மாமி வெட்கப்பட்டுச் சிரித்ததை வீடே கூடிப் பார்த்தபோது, அடுத்த தெருவிலிருந்து ஒரு சீமந்த வீடியோவுக்கு ஆள் வந்து நின்றது!